படத்தில் இருக்கும் பெண் யார்?



சென்ற மாதம் பிள்ளைகளின் சேமிப்புப் பழக்கத்தைப் பற்றிப் பேசினோம். பிள்ளை வளர்ந்து ஆளான பிறகு வீட்டில் எழும் கவலை ஒன்றைப் பற்றி இந்த மாதம் பேசுவோம்.

"ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைச் செய்து வை" என்று பழமொழி சொல்வார்கள். "ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்து வை என்பதுதான் சரி, 'போய்' என்பது நாளடைவில் 'பொய்' ஆகிவிட்டது" என்று விளக்கம் சொல்வாரும் உண்டு. எது சரியாக இருந்தாலும், இன்று இரண்டு வேலையையும் கைப்பேசியே செய்துவிடுகிறது. ஆயிரம் பேரிடம் போகவும் அதற்குத் தெரியும்; ஆயிரம் பொய் சொல்லவும் தெரியும்.

முன்பெல்லாம் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்ப்பது என்றால், சொந்தக்காரர் வழியாகத்தான் செய்தி போகும். பக்கத்துத் தோட்டத்துத் தண்டல் வீட்டிலோ, கோயில் திருவிழாவுக்கு வந்தவர்களிலோ யாராவது அந்தப் பெண்ணை ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். அவள் எப்படிப் பேசுவாள், பெரியவர்களிடம் எப்படி நடந்துகொள்வாள் என்பதெல்லாம் முதலில் போய்ச் சேரும். படம் கடைசியாகத்தான் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சொந்தபந்தம் கிள்ளான், சிரம்பான், ஜொகூர் என்று சிதறிய பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது. அதன் இடத்தில் திருமணத் தளங்களும், துணை தேடும் செயலிகளும் வந்துவிட்டன. இவற்றை நான் குறைகூற மாட்டேன். வயது கடந்தவர்களுக்கும், துணையை இழந்தவர்களுக்கும், உறவினர் ஆதரவில்லாத பெண்களுக்கும் இவை ஒரு கதவைத் திறந்து விட்டிருக்கின்றன. ஆனால் வரிசை தலைகீழாக மாறிவிட்டது. இப்போது படம்தான் முதலில் போகிறது. படம் பிடித்தால்தான் பெயரையே படிக்கிறார்கள். இத்தனை பாரம் ஒரு படத்தின்மேல் ஏறும்போது, அதைக் கொஞ்சம் திருத்தி அனுப்பலாமே என்ற ஆசை வராமல் இருக்குமா?

திருத்துவது புதிய பழக்கமா?

இல்லை. நிழற்படம் பிறந்த சில ஆண்டுகளிலேயே அதைத் திருத்தும் கலையும் பிறந்துவிட்டது. ஜெர்மனியின் மூனிக் நகரத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டெங்கல் என்பவர் 1855-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில், ஒரே ஆளின் படத்தைத் திருத்துவதற்கு முன்னும் பின்னும் வைத்துக் காட்டினார். கூட்டம் வியந்துபோயிற்று.

நம் பட்டணத்து ஸ்டூடியோக்களிலும் இந்தக் கைவேலை இருந்தது. முகத்தில் கறுப்பாக இருக்கும் தழும்பும் சுருக்கமும் நெகட்டிவ்வில் வெளிச்சமாகத் தெரியும். கூராகச் சீவிய பென்சிலால் அந்த இடத்தில் மெல்லத் தீட்டிவிட்டால், அச்சிடும்போது அது வெளுத்து மறைந்துவிடும். முகத்தில் பவுடர், கையில் இரவல் கைக்கடிகாரம், பின்னால் திரைச்சீலையில் தீட்டிய மாளிகை. நம் பாட்டன் பாட்டி படங்களை எடுத்துப் பாருங்கள், தெரியும். ஆனால் அந்தப் படத்தை நம்பி மட்டும் யாரும் பெண் கொடுக்கவில்லை, பெண் எடுக்கவும் இல்லை.

படத்தை மட்டும் நம்பியவர்கள் கதையும் உண்டு. அவர்களும் நம்மைப் போலத் தோட்டத்து மக்கள்தாம். ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஜப்பானிலிருந்து ஆண்கள் கூலி வேலைக்குப் போனார்கள். ஊருக்குத் திரும்பிப் பெண் பார்த்து வரக் கையில் காசில்லை. ஆகவே, படத்தை ஊருக்கு அனுப்பினார்கள். ஊரில் பெரியவர்கள் பேசி முடித்து, மாப்பிள்ளை இல்லாமலேயே திருமணத்தைப் பதிவு செய்து, பெண்ணைக் கப்பலேற்றினார்கள். 1908 முதல் 1924 வரை ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படிப் போனார்கள். கொரியப் பெண்களும் போனார்கள். "படத்து மணப்பெண்கள்" என்றே அவர்களுக்குப் பெயர் வந்துவிட்டது. ஹொனலூலுத் துறைமுகத்தில் இறங்கிய பெண் கையிலிருந்த படத்தையும் எதிரே நின்ற ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சிலர் பத்து வருடத்துக்கு முந்திய படத்தை அனுப்பியிருந்தார்கள். சிலர் இரவல் கோட்டுப் போட்டுப் படம் எடுத்திருந்தார்கள். வேறொருவரின் படத்தையே அனுப்பியவர்களும் இருந்தார்கள். கடல் கடந்து வந்துவிட்ட பெண் என்ன செய்வாள்? சிலர் திரும்பிப் போனார்கள். பெரும்பாலோர் அங்கேயே தங்கி, அந்த மனிதரோடு வாழ்ந்து, கரும்புக் காட்டில் உழைத்துப் பிள்ளைகளை ஆளாக்கினார்கள்.

ஒரு படம் சொன்ன பொய்யின் விலையை ஒரு பெண் ஆயுள் முழுவதும் கட்டினாள். அதை மனத்தில் வைத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

கைப்பேசி செய்யும் கைவேலை

ஸ்டூடியோக்காரர் அரை மணி நேரம் பென்சில் பிடித்துச் செய்ததை இன்று கைப்பேசி அரை நொடியில் செய்கிறது. முதலில் அது முகத்தைக் கண்டுபிடிக்கிறது. கண், புருவம், மூக்கு, உதடு, தாடை ஆகிய இடங்களில் புள்ளிகள் வைத்துக்கொள்கிறது. பிறகு அந்தப் புள்ளிகளை நகர்த்துகிறது. கண் பெரிதாகிறது, தாடை குறுகுகிறது, மூக்கு கூராகிறது. தோலில் பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கலந்து சமமாக்குவதால் தழும்பும் பருவும் மறைகின்றன. கடைசியாக வெளிச்சத்தை ஏற்றுகிறது. கறுப்பு மாநிறமாகிறது, மாநிறம் சிவப்பாகிறது. சில கைப்பேசிகளில் முன்பக்கக் கேமரா நாம் கேட்காமலேயே இதைச் செய்கிறது. "நான் ஒன்றும் திருத்தவில்லையே" என்று அந்தப் பிள்ளை சொல்வது உண்மையாகவே இருக்கலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. கையை நீட்டி நம்மை நாமே எடுக்கும் படத்தில், கைப்பேசி முகத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். முகத்தில் கேமராவுக்கு மிக அருகில் இருப்பது மூக்கு. 12 அங்குலத் தூரத்தில் எடுத்தால் மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 விழுக்காடு கூடித் தெரிகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் சிலர் 2018-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆக, இல்லாத பெரிய மூக்கைக் கைப்பேசியே கொடுக்கிறது. அதைச் சிறிதாக்கும் கருவியையும் கைப்பேசியே நீட்டுகிறது. நடுவில் நம் பிள்ளை "என் மூக்கு அசிங்கமாக இருக்கிறது" என்று நம்பிவிடுகிறாள்.

"என் படம் எனக்கே பிடிக்கவில்லை" என்பவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. நாம் தினமும் பார்ப்பது கண்ணாடியில் இடம் வலமாகத் திரும்பிய நம் முகத்தை. ஊரார் பார்ப்பது திரும்பாத முகத்தை. 1977-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், பெண்களுக்குத் தங்கள் முகத்தின் கண்ணாடித் தோற்றமே அதிகம் பிடித்தது. அவர்களுடைய தோழிகளுக்கோ உள்ளபடியான தோற்றம்தான் பிடித்தது. பழகிய முகம்தான் பிடித்த முகம். உங்கள் படம் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதால் அது மோசமான படம் ஆகிவிடாது.

கண் முந்திக்கொள்கிறது

ஒரு படத்துக்கு இத்தனை வலிமை எங்கிருந்து வருகிறது? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் ஆகிய இருவர் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்பின் அறியாத முகங்களை ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டினார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும் நேரம் அது. அதற்குள்ளாகவே "இவர் நம்பத் தகுந்தவர், இவர் கெட்டிக்காரர், இவர் முரடர்" என்று பார்த்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. "நான் நினைத்தது சரிதான்" என்ற துணிச்சல்தான் கூடியது.

அழகாகத் தெரிபவரை நல்லவராகவும் நினைத்துவிடும் பழக்கமும் நமக்கு உண்டு. 1972-ல் வந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு இதைக் காட்டியது. படத்தில் அழகாக இருப்பவர் அன்பானவராகவும், வாழ்க்கையில் வெற்றி பெறுபவராகவும் இருப்பார் என்று பார்த்தவர்கள் எண்ணிக்கொண்டார்கள். படத்தில் இருந்தது முகம் மட்டும். குணத்தைச் சேர்த்தது பார்த்தவர் மனம்.

"அப்படியானால் திருத்திய படம் அனுப்புவது புத்திசாலித்தனம்தானே, டீச்சர்?" என்று கேட்பீர்கள். இங்கேதான் கணக்குப் பிசகுகிறது. சம்பள நாளில் 2,000 வெள்ளி வரும் என்று காத்திருந்தவர் கையில் 1,800 வெள்ளி வந்தால் முகம் வாடிவிடுகிறது. 1,600 வெள்ளிதான் வரும் என்றிருந்தவர் கையில் அதே 1,800 வெள்ளி வந்தால் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். பணம் ஒன்றுதான், எதிர்பார்ப்புதான் வேறு. திருத்திய படமும் பார்ப்பவர் மனத்தில் ஓர் எதிர்பார்ப்பை நட்டுவிடுகிறது. முதலில் நேரில் பார்த்திருந்தால் "லட்சணமான பெண்" என்று சொல்லியிருக்கும் அதே வாய், படத்தைப் பார்த்துவிட்டு வந்ததால் "அப்படி ஒன்றும் இல்லையே" என்கிறது. படம் அந்தப் பெண்ணுக்கு உதவி செய்யவில்லை. அவள் வாசலுக்கு வருவதற்கு முன்பே அவளுக்குப் போட்டியாக வந்து உட்கார்ந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது

எங்கள் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு பெண். என்னிடம் படித்தவள். பட்டணத்துத் தொழிற்சாலையில் வேலை. நன்றாகப் பேசுவாள், கணக்கில் புலி. நிறம் கறுப்பு, அம்மாவைப் போலக் களையான முகம். திருமணத் தளத்தில் அவள் படத்தைப் போட்டபோது, அத்தை மகள் ஒருத்தி "அழகாக்கி" கொடுத்தாள். வேறு மாநிலத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மூன்று மாதம் புலனத்தில் பேசிக்கொண்டார்கள். பேச்சு இருவருக்கும் பிடித்திருந்தது. அதுவரை எல்லாம் நல்லபடியாகவே போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வேன் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கேசரி, வடை, தேநீர் எல்லாம் தயார். பெண் தட்டோடு வெளியே வந்தாள். மாப்பிள்ளையின் அக்காள் தன் கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். அதைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார், மறுபடி கைப்பேசியைப் பார்த்தார். பிறகு அதைத் தம்பியிடம் நீட்டினார். யாரும் ஒரு சொல் தவறாகப் பேசவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு அந்தப் பையனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை.

சில நாள் கழித்து அந்தப் பெண் என்னிடம் சொன்னாள்: "அவங்க என்னைப் பிடிக்கலைன்னு சொல்லல டீச்சர். படத்துல இருக்கிற பொண்ணு எங்கன்னு தேடுனாங்க."

அவளுடைய அம்மாவுக்கோ கோபம். "எல்லாரும் செய்றதுதானே டீச்சர்? அந்தப் பையன் மட்டும் என்னா, படத்துல தொப்பி போட்டிருந்தான். நேர்ல வந்தா முன்மண்டையில முடியே இல்ல. நாங்க ஏதாவது கேட்டோமா?"

அந்தத் தாய் சொன்னதிலும் நியாயம் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹான்காக், கேட்டலினா தோமா என்ற ஆய்வாளர்கள், துணை தேடும் தளங்களில் வந்த 54 பேரின் படங்களை ஆராய்ந்து 2009-ல் எழுதினார்கள். படம் போட்டவர்கள் "என் படம் ஓரளவு உள்ளபடிதான் இருக்கிறது" என்றார்கள். மூன்றாம் மனிதர்கள் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் படங்கள் ஆளைப் போல் இல்லை என்றார்கள். பெண்களின் படங்களில் மாற்றம் கூடுதலாக இருந்தது. ஆண்கள் யோக்கியர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. 2008-ல் இதே துறையினர் 80 பேரை நேரில் அளந்தும் நிறுத்தும் பார்த்தபோது, உயரம், எடை, வயது மூன்றில் ஏதாவது ஒன்றில் பொய் சொன்னவர்கள் 81 விழுக்காடு. ஆண்கள் உயரத்தைக் கூட்டினார்கள். பெண்கள் எடையைக் குறைத்தார்கள். பெரும்பாலும் சின்னச் சின்னப் பொய்கள்தாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தொப்பி போட்ட பையன் தன் வீட்டுக்கு நிம்மதியாகத் திரும்பிப் போனான். கூடத்தில் தட்டோடு நின்றவள் நம் பெண். பொய் இரண்டு பக்கமும் இருந்தாலும் அவமானம் ஒரு பக்கத்தில்தான் அதிகமாக இறங்குகிறது. அதனால்தான் பெண்ணைப் பெற்றவர்களிடம் இதைக் கூடுதலாகச் சொல்கிறேன்.

நிறத்தின் கதை

நம் வீடுகளில் திருத்தப்படும் படங்களைப் பாருங்கள். மூக்கையும் தாடையையும் விட முதலில் திருத்தப்படுவது நிறம்தான். தரகர்கள் காலத்திலும் இதே கதை. தரகர் வாயில் "கறுப்பு" என்ற சொல் வராது. எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் "மாநிறம்" என்றுதான் சொல்வார். இன்று அந்தத் தரகர் வேலையைக் கைப்பேசி பார்க்கிறது.

வெயிலில் நின்று பால் மரம் வெட்டியும், செம்பனைக் குலை சுமந்தும் நம்மை வளர்த்தவர்களின் நிறம் அது. அதை ஏன் மறைக்க வேண்டும்? "ஃபேர் அண்ட் லவ்லி" என்ற பூச்சு 1975-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. நம் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. வெளுப்புத்தான் அழகு என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் விளம்பரம் செய்தபின், 2020-ல் அதன் பெயரையே "குளோ அண்ட் லவ்லி" என்று மாற்றிக்கொண்டார்கள். அதே 2020 ஜூன் மாதத்தில் சாதி டாட் காம் என்ற பெரிய திருமணத் தளம், தோலின் நிறத்தை வைத்து வரன்களைப் பொறுக்கும் வசதியை, மக்கள் எதிர்ப்பு எழுந்த பிறகு நீக்கியது. வியாபாரிகளே வெட்கப்பட்டுக் கைவிட்டதை நாம் வீட்டுக்குள் ஏன் வைத்திருக்கிறோம்?

ஒரு தொழில்நுட்பச் செய்தியும் சொல்கிறேன். கறுப்பு முகம் படத்தில் சரியாக விழாததற்கு முகம் காரணமன்று. வண்ணப் படச்சுருளின் நிறங்களைச் சரிபார்க்க, கோடாக் நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் நெடுங்காலம் அனுப்பி வந்தது. "ஷெர்லி அட்டை" என்று அதற்குப் பெயர். அந்தத் தோலுக்குப் பொருத்தமாக அமைத்த படச்சுருளில் கறுத்த முகங்களின் நயங்கள் மறைந்து போயின. குறை அளவுகோலில், பழி முகத்தின்மேல். நம் முகத்துக்குத் தேவை வெள்ளையடிப்பு அன்று, சரியான வெளிச்சம்.

சென்ற ஆண்டு பள்ளி மலருக்காக ஆறாம் ஆண்டு மாணவர்களைப் படம் எடுத்தோம். ஒரு சிறுமி என் அருகில் வந்து மெல்லச் சொன்னாள்: "டீச்சர், ஃபில்டர் போட்டு எடுங்க. நான் கறுப்பா வருவேன்."

"நீ கறுப்புத்தானேம்மா. அதுக்கென்ன?" என்றேன்.

"படத்துல வேணாம் டீச்சர்."

அந்தப் பிள்ளைக்கு வயது பன்னிரண்டு. இன்னும் யாரும் அவளைப் பெண் பார்க்க வரவில்லை. அதற்குள் தன் முகத்தைத் தானே வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டாள். அக்காள் படத்தையும் அத்தை படத்தையும் நாம் வெளுப்பாக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் அவள்தான். திருத்திய படத்தால் வரும் கேட்டில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். ஒரு வரன் போனால் இன்னொரு வரன் வரும். தன் முகத்தின்மேல் உள்ள பிரியம் போனால் அதை எங்கே போய்க் கொண்டுவருவது?

ஆளே இல்லாத படம்

திருத்திய முகம் ஒருபுறமிருக்க, திருடிய முகமும் இருக்கிறது. வேறொருவரின் படத்தை எடுத்துப் போட்டு, "நான் டாக்டர், நான் கப்பல் பொறியாளர்" என்று பேசிப் பழகிப் பணம் கறக்கும் கும்பல்களைப் பற்றி நாளிதழில் படித்திருப்பீர்கள். இப்போது கணினியே இல்லாத ஆளின் முகத்தை உண்டாக்கிக் கொடுக்கிறது. 2024 அக்டோபரில் ஹாங்காங் காவல்துறை 27 பேரைப் பிடித்தது. கணினி உண்டாக்கிய அழகிய பெண் முகங்களைக் காட்டி, காணொளி அழைப்பில்கூட முகத்தை மாற்றிப் பேசி, சிங்கப்பூர், தைவான், இந்தியா வரை ஆண்களை ஏமாற்றி ஏறத்தாழ 46 மில்லியன் அமெரிக்க டாலர் சுருட்டிய கும்பல் அது.

ஆகவே, நேரில் பாராதவருக்கு ஒரு வெள்ளிகூட அனுப்ப வேண்டாம். "சுங்கத்தில் பரிசுப் பொட்டலம் மாட்டிக்கொண்டது, பணம் கட்டு" என்றால் உடனே பேச்சை நிறுத்துங்கள். கேட்கப்படும் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் "செமாக் மியூல்" பக்கத்தில் சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 997 என்ற எண்ணை அழையுங்கள். விரைவாகச் சொன்னால்தான் பணம் கைமாறுவதைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

நல்ல படம் எடுப்பது எப்படி?

"அப்படியானால் படமே வேண்டாமா?" என்றால், வேண்டும். நல்ல படம் வேண்டும். நல்ல படம் வேறு, பொய்ப் படம் வேறு. தலை வாரி, நல்ல உடை உடுத்தி, நல்ல வெளிச்சத்தில் நிற்பது நம்மை நாம் மதிப்பது. நிறத்தையும் மூக்கையும் வயதையும் மாற்றுவது இன்னொருவரை ஏமாற்றுவது. செலவில்லாத சில வழிகள் இதோ:

1. காலை எட்டு மணி அளவிலோ மாலை ஐந்து மணிக்கு மேலோ, வாசல் நிழலில் நின்று எடுங்கள். உச்சி வெயில் கண்ணுக்குக் கீழே பள்ளம் காட்டும்.

2. முகம் வெளிச்சத்தைப் பார்த்து இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் வெளிச்சமான சன்னலோ வெள்ளைச் சுவரோ இருந்தால், கேமரா வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும், முகம் இருண்டுவிடும். கறுத்த முகத்துக்குப் பச்சைச் செடியோ மங்கிய சுவரோ பின்னணியாக இருப்பது நல்லது.

3. திரையில் முகத்தின்மேல் விரலால் ஒரு முறை தொடுங்கள். கேமரா முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளும்.

4. கை நீட்டி எடுக்காமல் வேறொருவரை எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து ஆறு அடி தள்ளி நிற்கட்டும். மூக்கு தன் அளவில் இருக்கும்.

5. "அழகாக்கும்" வசதி தானாக இயங்குகிறதா என்று பார்த்து அதை நிறுத்துங்கள்.

6. ஒரு வருடத்துக்குள் எடுத்த படமாக இருக்கட்டும். முகம் ஒன்று, முழு உருவம் ஒன்று, வீட்டாரோடு சிரித்துக்கொண்டிருப்பது ஒன்று என மூன்று படம் போதும். ஆண்பிள்ளைகள் தொப்பியையும் கறுப்புக் கண்ணாடியையும் கழற்றிவிட்டு, யாருடைய காரிலும் சாயாமல் நில்லுங்கள்.

கடைசியில் ஒரு சோதனை. முன்பின் தெரியாத ஒருவர் இந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வந்தால், கூட்டத்தில் உங்களை அடையாளம் கண்டுபிடிப்பாரா? கண்டுபிடிப்பார் என்றால் அந்தப் படத்தைத் தைரியமாகப் போடுங்கள்.

"உள்ளபடி போட்டால் நிறையப் பேர் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களே" என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. போவார்கள், அது உண்மைதான். ஆனால் நிறத்தைப் பார்த்துப் போகிறவன் எப்படியும் போகப் போகிறவன். அவன் விரல் நுனியிலேயே விலகிப் போகட்டும். வேன் பிடித்து வந்து, நம் கூடத்தில் உட்கார்ந்து, நம் தேநீரைக் குடித்துவிட்டு விலக வேண்டாம். நமக்கு வேண்டியது நூறு பேர் விருப்பம் அன்று. கல்யாணத்துக்கு ஓர் ஆள் போதும். அந்த ஆள் உள்ள முகத்தைப் பார்த்து வந்தவராக இருக்க வேண்டும்.

பார்க்கிறவர்களுக்கும் ஒரு சொல்

படம் போடுகிறவர்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. மகனுக்குப் பெண் பார்க்கும் தாய்மார்களே, நாமும் விரலைச் சற்று நிதானமாக நகர்த்துவோம். நம் கண் ஒரு நொடிக்குள் தீர்ப்பு எழுதிவிடும் என்பது தெரிந்துவிட்டது. ஆகவே அந்தத் தீர்ப்பில் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். படத்துக்குக் கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள். ஒரு முறை குரலைக் கேளுங்கள். திருத்திய படம் என்று சந்தேகம் வந்தால் ஏளனம் செய்யாமல், "வீட்டில் எடுத்த சாதாரணப் படம் ஒன்று அனுப்புங்கள்" என்று மரியாதையாகக் கேளுங்கள். பெண் பார்க்கப் போகும் முன் காணொளியில் இரு வீட்டாரும் ஒரு முறை பேசிக்கொள்ளுங்கள். அப்படியும் நேரில் வேறாகத் தெரிந்தால், அந்தப் பெண்ணின் முன்னால் கைப்பேசியை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள். அவளும் ஒரு வீட்டின் செல்லப் பிள்ளை.

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று கைப்பேசி வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்பே சொல்லி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இந்த மாத வீட்டுப்பாடம்: உங்கள் பிள்ளைகளை வாசல் நிழலில் நிற்க வைத்து, எதையும் திருத்தாமல் ஒரு படம் எடுங்கள். பட்டணத்துக்குப் போகும்போது அதைப் பெரிதாக அச்சிட்டு வந்து வீட்டில் மாட்டுங்கள். வருகிறவர்கள் கேட்டால், "இது எங்கள் பிள்ளை" என்று பிள்ளையின் காதில் விழும்படி சொல்லுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் பேசுவோம். வணக்கம்.